கழுதையின் ஈ

ஜூன் 3, திங்கள்

இடது செருப்பைக் காணோம். வலது செருப்பு மட்டும் ரேக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. இருபது நிமிடம் தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குள் கண்டெடுத்தேன். எட்டு ஐம்பது பஸ் போய்விட்டது. அப்பா நாற்காலியில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வராத சிரிப்பு.

நரம்பு டாக்டர் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "அப்பா என்னென்ன பண்றாருன்னு தேதி போட்டு ஒரு மாசம் எழுதிட்டு வாங்கம்மா. பாத்துட்டு மாத்திரையை மாத்தலாம்" என்றார். சரி டாக்டர், எழுதுகிறேன். பெயர் தெய்வசிகாமணி. வயது எழுபத்து நான்கு. மாநகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர், வாய் மூடாத மனிதர். பதினான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது கை சரியாக வராது, கோல் ஊன்றி நடப்பார், பேச்சு முழுதாகப் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். புரிந்துகொண்டுதான் இத்தனையும் செய்கிறார் என்று நான் சொல்கிறேன்.

ஆதம்பாக்கத்து வீட்டில் நானும் அவரும் மட்டும். அம்மா போய் ஆறு வருடம். என் கல்யாணம் இரண்டே வருடத்தில் முடிந்த கதை, அது உங்களுக்கு வேண்டாம். தம்பி குணசீலன் ஓசூரில். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள லூர்து அக்கா வருகிறார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஏம்ப்பா, உங்களுக்கே இது நல்லாருக்கா? எனக்கு ஆபீஸ் வேணாமா?" கத்தி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

ஜூன் 4, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. நல்ல நாள். வீடு அமைதி.

ஜூன் 6, வியாழன்

சர்க்கரை டப்பாவில் உப்பு. இடது கையால், ஒரு துளி சிந்தாமல் மாற்றியிருக்கிறார். பிசியோதெரபியில் ஒரு பந்தைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் கை வராதாம். முதல் வாய் காபியை அப்படியே சிங்க்கில் துப்பினேன். "விஷத்தைக் கலந்துடுங்க, ஒரேயடியா நிம்மதி" என்றேன். அப்பா தோளைக் குலுக்கினார். அவர் கையில் டம்ளரைக் கொடுத்து, "நீங்களே குடிச்சுப் பாருங்க" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவரும் முகத்தைச் சுளித்தார் பாருங்கள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இடம் கொடுக்கக் கூடாது.

ஆபீஸிலும் இதே தலைவிதிதான். எக்காட்டுத்தாங்கலில் எங்கள் கம்பெனி பழைய படங்களைச் சுத்தம் செய்கிறது. வெளிநாட்டுக் காப்பகங்கள் தங்களிடம் இருக்கும் படச்சுருளை ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்து அனுப்பும். தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் நாங்கள் துடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். நான் 'ஆம்' என்று அழுத்தினால் புள்ளி போய்விடும். ஒரு நாளைக்கு முந்நூறு ஃப்ரேம். படத்தை ஓட்டிப் பார்க்க நேரம் கிடையாது. ஓட்டிப் பார்ப்பது எங்கள் மேலாளர் தாஸ் சாரின் வேலை.

இப்போது என் தலையில் கட்டியிருப்பது நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைக் கார்ட்டூன் ஒன்று. ஆறு நிமிடம். தலைப்பு இருந்த பகுதி கிழிந்துபோனதால் பெயர்கூடத் தெரியாது. மையால் வரைந்த ஒரு கழுதை. வாலைக் கழற்றிக் கைத்தடியாக ஊன்றுகிறது. காதைத் திருகித் தொப்பியாகப் போட்டுக்கொள்கிறது. தூங்கப் படுக்கிறது, துள்ளி எழுகிறது, காற்றை உதைக்கிறது, சட்டியை எடுத்துத் தன் மூக்கிலேயே அடித்துக்கொள்கிறது. ஏன்? காரணமே கிடையாது. படச்சுருள் முழுக்க ஆயிரக்கணக்கில் கரும்புள்ளி, அம்மை வார்த்த மாதிரி. இதற்கா அந்தக் காலத்து ஜனங்கள் சிரித்தார்கள்? அதனிடம் இருக்கும் ஒரே நல்ல குணம், அது பேசாது.

ஜூன் 8, சனி

ஒன்றும் இல்லை. டிவி பார்த்தார், தூங்கினார்.

ஜூன் 10, திங்கள்

சுவர்க் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டார். எனக்கு மணி ஏழு நாற்பதிலேயே நின்றிருந்தது. பத்தரைக்கு ஆபீஸ் போனால் வாசலிலேயே ஆரோக்கியதாஸ் சார். "வாங்க மேடம். டிபன் ஆச்சா?" என்றார். தாஸ் சார் மேடம் என்று கூப்பிட்டால் நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் வந்ததும் அப்பாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு மூச்சு விடாமல் திட்டினேன். தாஸ் சார் கேட்டது, பஸ்ஸில் ஒருவர் என் கால் சுண்டுவிரலை மிதித்தது, அந்தப் பைத்தியக்காரக் கழுதை தன் மூக்கில் தானே அடித்துக்கொள்வது எல்லாவற்றையும் கொட்டினேன். கழுதை அடித்துக்கொள்வதை டம்ளரை வைத்து நடித்தே காட்டினேன். "நானும் அப்படித்தான் ஆகப்போறேன், நல்லா வேடிக்கை பாருங்க!" அரை மணி நேரம் போனது. போட்ட காபி ஆறிவிட்டது. அவர் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கல்நெஞ்சக்காரர்.

ஜூன் 11, செவ்வாய்

ஒன்றும் இல்லை. எனக்கும் தலைவலி. எட்டரைக்கே படுத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

லூர்து அக்காவை பாத்ரூமில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

"ஒன்ற மணி நேரம் அரசிம்மா! கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. வெளிய ஐயா டிவி பாக்குற சத்தம் நல்லா கேக்குது. நானும் 'ஐயா, ஐயா'ன்னு கத்துறேன், அவரு சவுண்டை ஏத்துறாரு. கர்த்தர் சத்தியமா சொல்றேன், நாளையிலேர்ந்து நான் வரல."

கெஞ்சிப் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு போயே விட்டார். அந்தக் குடையும் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது என்பது கூடுதல் தகவல், டாக்டர்.

குணாவுக்குப் போன் செய்தேன். அவன் தயாராக இருந்தான். "அக்கா, இதுக்கு மேல உன்னால முடியாது. வண்டலூர் தாண்டி ஒரு முதியோர் ஹோம் இருக்கு, நல்ல இடம். அங்க விட்டுடலாம். நீ சரின்னு மட்டும் சொல்லு."

சரி என்றேன். கோபத்தில் சொன்னது என்று நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூன் 15, சனி

கழுதையை ஒரு வழியாக முடித்து நேற்று கொடுத்தேன். தாஸ் சார் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டார். ஒரு புள்ளி இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

குணா வந்தான். வரும் ஞாயிறு, இருபத்து மூன்றாம் தேதி, ஹோமில் சேர்ப்பது என்று முடிவானது. கூடத்தில் அப்பா இருக்கும்போதே பேசினோம். பேச முடியாதவர் எதிரில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எப்படியோ ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாதிப் பேச்சில் அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். நாங்கள் பேசியது இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

ஜூன் 19, புதன்

ஐந்து நாளாக ஒன்றுமே இல்லை. உப்பு டப்பாவில் உப்பு, சர்க்கரை டப்பாவில் சர்க்கரை. பகலில் எதிர் வீட்டு ஜமுனா இடையிடையே எட்டிப் பார்க்கிறார். "தங்கமா இருக்காரு" என்கிறார். தினமும் ஒன்பதரைக்கெல்லாம் ஆபீஸில் இருக்கிறேன். ஹோம் என்றதும் பயந்து திருந்திவிட்டார் போலிருக்கிறது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அமைதி நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் இவ்வளவு பெரிதா என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 20, வியாழன்

கழுதைப் படத்தை அனுப்பிய காப்பகத்து அம்மாளிடமிருந்து மின்னஞ்சல். இரண்டே வரி. படம் கண்ணாடி போல இருக்கிறதாம், மிக்க நன்றியாம். ஆனால் ஈ எங்கே?

எந்த ஈ?

பழைய ஸ்கேனைத் தாஸ் சார் பெரிய திரையில் ஓட்டினார். சனியன் பிடித்த ஈ ஒன்று இருக்கிறது! அரிசியில் பாதி அளவு. கழுதை தூங்கப் படுக்கும்போதெல்லாம் அதன் மூக்கில் வந்து உட்காருகிறது. அதை விரட்டத்தான் கழுதை வாலைக் கழற்றி வீசுகிறது, தொப்பி என்று நான் நினைத்த காதைத் திருகி வலை மாதிரி பிடிக்கிறது, சட்டியால் மூக்கில் அடித்துக்கொள்கிறது. அந்த ஈயைத் தூசி என்று நினைத்து ஒரு ஃப்ரேம் விடாமல் 'ஆம்', 'ஆம்' என்று அழுத்தி நான் துடைத்திருக்கிறேன். பத்தொன்பது நாள் உழைத்து, ஒரு கழுதையைப் பைத்தியமாக்கி அனுப்பியிருக்கிறேன்.

"ஈயடிச்சான் காப்பி கேள்விப்பட்டிருக்கேன்மா. மூலத்துல செத்த ஈ ஒட்டிட்டிருந்தா, இவனும் ஒரு ஈயை அடிச்சுக் காப்பியில ஒட்டுவானாம். அவனே தேவல. நீ மூலத்துல இருந்த ஈயையே காலி பண்ணிட்டியே!" என்றார் தாஸ் சார். ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதிக்குள் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். பத்தொன்பது நாள் வேலை எட்டு நாளில்.

கோபத்தில் அழுகை வந்தது. வீட்டில் அப்பா "என்ன" என்பது போல முகவாயைத் தூக்கினார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

தூசி எது, ஈ எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். மதியத்துக்குள் சூத்திரம் பிடிபட்டது. தூசி ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஈ அடுத்ததிலும் வரும், கொஞ்சம் தள்ளி. அதுவும் குழம்பினால் கழுதையின் கண்ணைப் பார்க்க வேண்டும். கருவிழி எந்தப் பக்கம் போகிறதோ, அங்கே ஈ இருக்கும். வரைந்தவன் கெட்டிக்காரன். ஒரு வார்த்தை இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறான். பார்க்காதது என் தப்பு.

ஜூன் 22, சனி

ஹோமுக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி: 'முதியவரின் தொந்தரவான நடத்தைகள், தேதிவாரியாக.' அதற்காக இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

குறும்பு செய்த நாட்களில் நான் அவரிடம் பேசியது பக்கம் பக்கமாக இருக்கிறது. மற்ற நாட்களில் என்ன பேசினேன் என்று எதுவும் இல்லை. எழுத விட்டுப்போயிருக்கும்.

படிவத்தில் 'அவ்வப்போது பொருட்களை ஒளித்து வைப்பார்' என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 23, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தோம். கிளம்பும்போது அப்பாவின் செருப்பை எடுத்து வைக்கக் குனிந்தேன். எனக்கு முன்னால் அவரே இடது கையால் இரண்டையும் இழுத்துப் போட்டு ஒழுங்காக மாட்டிக்கொண்டார். ஒழுங்காக. அதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஹோம் வாசலில் குணா, "சமர்த்தா இருங்கப்பா" என்றான். தலையை ஆட்டினார்.

ஜூன் 25, செவ்வாய்

வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. காபி போடும் முன் சர்க்கரையை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். சர்க்கரைதான். ஆபீஸுக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விட்டேன். தாஸ் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல எரிச்சலாக இருக்கிறது. சாயங்காலம் வந்து யாரிடம் போடுவது?

ஜூன் 27, வியாழன்

கடைசிப் பகுதி. இதை எழுதிவிட வேண்டும்.

கழுதை எப்படியோ ஈயை ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, கதவை அடித்துச் சாத்துகிறது. நிம்மதியாகப் படுக்கிறது. தூக்கம் வரவில்லை. ஒரு கண்ணைத் திறக்கிறது. மூக்கைப் பார்க்கிறது. புரண்டு படுக்கிறது. வால் நுனியால் தன் மூக்கைத் தானே கூச வைத்துப் பார்க்கிறது, சரிப்படவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, மோவாயை விளிம்பில் வைத்து உட்கார்ந்துவிடுகிறது.

நான் அனுப்பிய பிரதியில் ஜன்னலுக்குக் கடைசி வரை எதுவும் வராது. திறந்த ஜன்னல், தனியாக ஒரு கழுதை.

மூலத்தில் அப்படியில்லை. தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. பெரிதாகிறது. வளைந்து நெளிந்து வந்து மூக்கில் உட்காருகிறது. கழுதை அத்தனை பல்லையும் காட்டுகிறது. சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு துரத்த ஆரம்பிக்கிறது. அந்தப் புள்ளி திரும்பி வர முப்பத்தெட்டு ஃப்ரேம் ஆகிறது. முப்பத்தெட்டிலும் நான் 'ஆம்' அழுத்தியிருக்கிறேன்.

இருக்கையில் உட்கார்ந்தபடியே அழுதேன். தாஸ் சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "விடும்மா, ஒரு ஈதானே. எனக்கும்தான் தெரியல" என்றார்.

ஜூன் 28, வெள்ளி

கொடுத்துவிட்டேன். ஈ பத்திரமாக இருக்கிறது. காப்பகத்து அம்மாள் இந்த முறை ஒரே வரி அனுப்பினார்: சிரித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஹோமுக்குப் போனேன். அப்பாவுக்குத் தலை படிய வாரி, நெற்றியில் விபூதி வைத்து, வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். "ஒரு தொந்தரவும் இல்லை. இருக்குற இடமே தெரியல" என்றார் பொறுப்பாளர் அம்மாள். பெருமையாகத்தான் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க இரண்டே கேள்விதான் இருந்தது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா. தலையை ஆட்டினார், ஆட்டினார். கண் என் மேல் வரவே இல்லை. பெஞ்சுக்கு அடியில் அவர் செருப்பு இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன.

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்த நேரம், இடது செருப்பைக் காலால் தள்ளி, குனிந்து எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயதில் செய்கிற காரியமா?

சாப்பாட்டு மணி அடித்தார்கள். அப்பா எழுந்து காலை நீட்டித் துழாவினார். வலது கிடைத்தது. இடது கிடைக்கவில்லை. கோலால் பெஞ்சுக்கு அடியில் தேடினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்து கண் மெதுவாக என் பைக்கு வந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தோள் குலுங்கியதா இல்லையா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. செருப்போடு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

காலை பத்து மணிக்கே ஹோமிலிருந்து போன். ஒற்றைச் செருப்போடு கேட்டில் நிற்கிறாராம். புதுச் செருப்பு கொடுத்தால் கோலால் தட்டி விடுகிறாராம். சாப்பிட வர மாட்டேன் என்கிறாராம். "நேத்து வரைக்கும் தங்கமா இருந்தாரும்மா!"

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். வழியிலேயே குணாவின் போன்.

"நீயாக்கா செருப்ப எடுத்துட்டுப் போன? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா."

"திரும்பக் கூட்டிட்டு வந்து என்ன பண்ணப்போற? மறுபடி ஒரு மாசத்துல எனக்குப் போன் போட்டு அழுவ."

"அழுவேன். நீ போனை எடு, அது போதும்."

கேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெயிலில் வெறும் காலைச் செருப்புக் காலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு. பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டேன். "என்னால எட்டு ஐம்பது பஸ்ஸத் தினமும் விட முடியாது. வாரத்துக்கு ரெண்டு நாளுதான், சொல்லிட்டேன்" என்றேன். பிறகு, "தப்பு என் மேலதான்ப்பா" என்றும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இடது கையால் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். வலித்தது.

ஜூலை 3, புதன்

லூர்து அக்கா வர ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "பாத்ரூம் வெளித் தாப்பாளப் புடுங்கி எறிஞ்சாத்தான் வருவேன்." புடுங்கி எறிந்தாயிற்று. குடையை இனி ஜமுனா வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாராம்.

ஜூலை 8, திங்கள்

மணி ஒன்பது. கடிகாரம் ஓடுகிறது, பார்த்துவிட்டேன். இடது செருப்பைக் காணோம். அரிசி டிரம்மில் இல்லை. ஃப்ரிட்ஜில் இல்லை. வாஷிங் மெஷினில் இல்லை. பஸ் போய்விட்டது. இன்றைக்கு ஆபீஸில் நான் மேடம்தான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரில் இன்னொரு நாற்காலி ஏற்கெனவே இழுத்துப் போட்டிருக்கிறது. நான் போடவில்லை.

டாக்டர், இத்தோடு எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். மாத்திரையை மாற்ற வேண்டாம். போய் உட்கார்ந்து கத்த வேண்டும். சொல்ல நிறைய இருக்கிறது.